தோற்றுக்கொண்டிருக்கும் அணியின் நிர்வாகத்தை நம்பலாமா: ஒரு ரசிகர் முடிவுக்கு வரும் முறை

ஒரு கால்பந்து அணி தொடர்ந்து ஐந்தாறு ஆட்டங்களில் தோற்றுவிட்டால் அதன் ரசிகர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். திட்டம் பலன் தர நாளாகும், பொறுமை வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. பயிற்சியாளர் முதல் உரிமையாளர் வரை அனைவரும் வெளியேற வேண்டும் என்கிறது மறு தரப்பு. இரு தரப்பினரும் அணியை நேசிப்பவர்களே. ஆனால் அவர்களுடைய வாதம் பெரும்பாலும் கடைசியாக நடந்த ஆட்டத்தையொட்டியே ஏறி இறங்குகிறது: இந்த வாரம் வென்றால் பொறுமை கேட்பவர்களின் குரல் ஓங்குகிறது, அடுத்த வாரம் தோற்றால் அது அடங்கிவிடுகிறது. நிர்வாகத்தின் மீது நம்பிக்கை வைப்பதா, விலக்கிக்கொள்வதா என்பதை ஆட்ட முடிவுகளைக் காட்டிலும் நிர்வாகம் எடுத்த முடிவுகளைக் கொண்டு தீர்மானிப்பதே நேர்மையான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு ஒரு ரசிகர் எவற்றைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

யார் எதற்குப் பொறுப்பு

களத்தில் யார் ஆட வேண்டும், எந்த அமைப்பில் ஆட வேண்டும் என்பவை தலைமைப் பயிற்சியாளரின் முடிவுகள். எந்த வீரரை வாங்குவது, எவருடைய ஒப்பந்தத்தை நீட்டிப்பது என்பவை இன்று பல கிளப்களில் விளையாட்டு இயக்குநரின் கையில் இருக்கின்றன. எவ்வளவு செலவிடுவது, எவ்வளவு கடன் வாங்குவது, மேற்சொன்ன இரண்டு பதவிகளிலும் யாரை அமர்த்துவது என்பவற்றை உரிமையாளரும் இயக்குநர் குழுவும் தீர்மானிக்கிறார்கள். உங்கள் அணியில் இந்த மூன்று நிலைகளிலும் இருப்பவர்கள் யார், எப்போது வந்தார்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் கோபத்துக்குக் காரணமான ஒவ்வொரு குறையையும் அதற்குப் பொறுப்பானவரின் பெயருக்கு எதிரே எழுதிவிட்டால், பாதி வாதம் அப்போதே தெளிந்துவிடும்.

இப்படிப் பிரிக்காவிட்டால் எல்லாப் பழியும் பயிற்சியாளரின் தலையிலேயே விழும். ஜெர்மனியின் ஷால்கே அணி 2020-21 பருவத்தில் ஐந்து பயிற்சியாளர்களின் கீழ் ஆடியது. முந்தைய பருவத்தில் தொடங்கி, தொடர்ச்சியாக 30 லீக் ஆட்டங்களில் வெற்றியே காணாமல் இருந்துவிட்டு, 2021 ஜனவரியில் ஹாஃபன்ஹைம் அணியை 4-0 என்று வென்றது. ஆயினும் கடைசி இடத்தில் முடித்து, அடுத்த நிலை லீக்குக்குத் தரமிறங்கியது. ஐந்து பயிற்சியாளர்களும் ஒருசேரத் திறமையற்றவர்களாக இருந்திருப்பார்கள் என்று நம்புவது கடினம். பயிற்சியாளர் மாறியும் ஆட்டம் மாறவில்லை என்றால், அவரை நியமித்தவர்களையும் அவருக்கு வீரர்களைச் சேர்த்துக் கொடுத்தவர்களையும் நோக்கியே கேள்வி திரும்ப வேண்டும்.

ஆட்டத்தையும் முடிவையும் பிரித்துப் பாருங்கள்

கால்பந்தில் கோல்கள் குறைவு. எனவே ஒரு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போவதும் உள்ளே போவதும் ஓர் ஆட்டத்தின் முடிவையே மாற்றிவிடுகின்றன. 38 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் எட்டுப் பத்து ஆட்டங்களை வைத்துப் புள்ளிப்பட்டியல் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்வது அவசரம். இதற்கு உதவும் கணக்குதான் எக்ஸ்ஜி என்று சுருக்கமாக அழைக்கப்படும் எதிர்பார்ப்புக் கோல் கணக்கு. ஒவ்வொரு ஷாட்டும் எங்கிருந்து, எந்தக் கோணத்தில், எப்படிப்பட்ட சூழலில் அடிக்கப்பட்டது என்பதைப் பார்த்து, அது கோலாகும் வாய்ப்பை 0 முதல் 1 வரையான எண்ணாகக் குறிப்பார்கள். ஒரு பெனால்டியின் மதிப்பு முக்கால் கோலைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். அணி உருவாக்கிய வாய்ப்புகளின் கூட்டுத்தொகையையும் எதிரணிக்கு விட்டுக்கொடுத்தவற்றின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டால், தோல்விகளில் எவ்வளவு ஆட்டத்தின் குறை, எவ்வளவு அதிர்ஷ்டக் குறை என்று ஓரளவு தெரியும்.

யூர்கன் குளோப்பின் பயிற்சியில் இருந்த போருசியா டோர்ட்மண்ட் 2014-15 பருவத்தில் 19 ஆட்டங்களுக்குப் பிறகு பட்டியலின் கடைசி இடத்தில் இருந்தது. ஆனால் வாய்ப்புகளை உருவாக்குவதில் அந்த அணி கடைசி இடத்துக்குரிய அணியாக இருக்கவில்லை. பருவ முடிவில் ஏழாம் இடத்துக்கு ஏறியது. 2015 அக்டோபரில் லிவர்பூல் குளோப்பை நியமித்தது.

இந்தக் கணக்கை உங்களுக்குச் சாதகமான நாளில் மட்டும் எடுத்துக் காட்டாதீர்கள். அணி வென்றுகொண்டிருக்கும்போது வாய்ப்புக் கணக்கு மோசமாக இருந்தால் அதையும் அதே நேர்மையுடன் சொல்ல வேண்டும். கணக்கும் மோசம், முடிவும் மோசம், பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களாக இரண்டும் மாறவில்லை என்ற நிலை வந்துவிட்டால் அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்வதை நிறுத்திவிடுங்கள்.

முடிவெடுக்கும் தரத்தைப் படியுங்கள்

இதுவே முழு மதிப்பீட்டின் மையம் என்பதால் இதற்கு அதிக நேரம் கொடுங்கள். வீரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்பர் பருவங்களில் கடந்த மூன்று நான்கை எடுத்துக்கொண்டு, வாங்கிய ஒவ்வொரு வீரரின் வயது, ஒப்பந்தக் காலம், அவர் எந்த இடத்துக்காக வாங்கப்பட்டார், உண்மையில் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பவற்றை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு வாங்கலும் தனித்தனியே நல்லதா கெட்டதா என்பதைவிட, அவை எல்லாவற்றிலும் ஓடும் ஒரே எண்ணம் தெரிகிறதா என்று தேடுங்கள். வேகமாகப் பந்தைப் பறிக்கும் ஆட்டத்தை விரும்பும் பயிற்சியாளருக்கு மெதுவான நடுக்கள வீரர்களை வாங்கித் தருவதும், அடுத்த ஆண்டு அவருக்கு நேர்மாறான பயிற்சியாளரை அழைத்து வருவதும் திட்டமில்லாத நிர்வாகத்தின் தெளிவான அடையாளங்கள்.

அர்செனல் கிளப்பின் இரண்டு கோடைக்காலங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்கு நல்ல பயிற்சி. 2020-இல் அது 32 வயதான வில்லியனுக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது. ஓர் ஆண்டிலேயே அந்த ஒப்பந்தம் முடித்துக்கொள்ளப்பட்டது. 2021-இல் வாங்கிய பென் வைட், ஓடகார்ட், ராம்ஸ்டேல், டோமியாசு, லோகோங்கா, டவாரெஸ் ஆகிய ஆறு பேரும் 23 வயதுக்கு மேற்படாதவர்கள். அந்தப் பருவத்தின் முதல் மூன்று லீக் ஆட்டங்களிலும் அணி ஒரு கோல்கூட அடிக்காமல், ஒன்பது கோல்களை வாங்கித் தோற்று, பட்டியலின் அடியில் கிடந்தது. பயிற்சியாளர் மிக்கேல் அர்டேட்டாவை நீக்க வேண்டும் என்ற குரல் உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. முடிவுகளை மட்டும் பார்த்தவருக்கு நம்ப ஒரு காரணமும் இருந்திருக்காது. முடிவெடுக்கும் முறையைப் பார்த்தவருக்கோ, முந்தைய ஆண்டின் தவறு உணரப்பட்டுத் திருத்தப்பட்டிருப்பது கண்ணெதிரே இருந்தது. அணி அந்தப் பருவத்தை ஐந்தாம் இடத்திலும் அடுத்த மூன்று பருவங்களை இரண்டாம் இடத்திலும் முடித்தது. தவறே செய்யாத நிர்வாகம் எங்கும் கிடையாது. அதே தவறு இரண்டாம் முறை நிகழ்கிறதா என்பதுதான் பார்க்கப்பட வேண்டியது.

மறுபக்கத்துக்கு மான்செஸ்டர் யுனைடெட்டைப் பாருங்கள். 2024 ஜூலையில் பயிற்சியாளர் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டித்த கிளப், அதே ஆண்டு அக்டோபரில் அவரை நீக்கியது. ஜூலையில் பொறுப்பேற்ற விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வொர்த் டிசம்பரில் வெளியேறினார். அந்தப் பருவத்தில் அணி 15-ஆம் இடத்தில் முடித்தது. இங்கே கவலை தர வேண்டியது 15-ஆம் இடம் மட்டுமன்று. அரை ஆண்டுகூட நிற்காத முடிவுகளை ஏன் எடுத்தார்கள், அந்தக் கோடையில் அவர்களுக்குத் தெரியாத எந்தச் செய்தி இலையுதிர் காலத்தில் தெரிந்தது என்ற கேள்வியே அதைவிட முக்கியமானது.

பணத்தின் போக்கு

கணக்கறிக்கை படிக்கப் பல ரசிகர்கள் தயங்குகிறார்கள், தயங்க வேண்டியதில்லை. இங்கிலாந்துக் கிளப்களின் ஆண்டுக் கணக்குகளை நிறுவனப் பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நான்கு எண்களை மட்டும் மூன்று ஆண்டுகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்: மொத்த வருவாய், சம்பளச் செலவு, ஆண்டு லாபம் அல்லது நட்டம், மொத்தக் கடன். வருவாயில் எத்தனை பங்கு சம்பளத்துக்குப் போகிறது என்பதே எல்லாவற்றிலும் அதிகம் சொல்லும். ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் கிளப்கள் சம்பளம், டிரான்ஸ்பர், முகவர் கட்டணம் ஆகியவற்றின் மொத்தச் செலவை வருவாயில் 70 விழுக்காட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏவின் விதி. உங்கள் கிளப் சம்பளத்துக்கு மட்டுமே அந்த அளவைத் தாண்டிச் செலவிட்டும் பட்டியலின் அடியில் இருந்தால், பணம் போதவில்லை என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

ஒரு வீரரின் விலை கணக்கில் எப்படி ஏறுகிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தில் 100 மில்லியன் பவுண்டுக்கு வாங்கப்பட்ட வீரர் ஆண்டுக்கு 20 மில்லியன் செலவாகக் கணக்கில் வருவார். எனவே இன்றைய ஆடம்பரச் செலவின் சுமை நான்கு ஆண்டுகள் கழித்தும் தொடரும். அப்போது பொறுப்பில் இருப்பவர் வேறொருவராக இருக்கலாம். இன்றைய நிர்வாகத்தைக் குறைகூறுவதற்கு முன், அவர்கள் சுமப்பது யாருடைய கடனை என்று பார்க்க வேண்டும்.

லீட்ஸ் யுனைடெட் 2001-இல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை சென்றது. வரப்போகும் டிக்கெட் வருமானத்தை ஈடாக வைத்து வாங்கிய கடன், மறுபடியும் அந்தப் போட்டிக்குத் தகுதிபெறாததால் கழுத்தை இறுக்க, வீரர்களை விற்று, 2004-இல் தரமிறங்கி, 2007-இல் மூன்றாம் நிலைக்கே போய்ச் சேர்ந்தது. முதல் நிலையான பிரீமியர் லீக்குக்குத் திரும்ப 2020 வரை ஆயிற்று. அண்மையில், மூன்று ஆண்டுகளில் 105 மில்லியன் பவுண்டு என்ற நட்ட வரம்பை மீறியதற்காக எவர்டனுக்கு 2023 நவம்பரில் 10 புள்ளிகள் குறைக்கப்பட்டன. மேல்முறையீட்டில் அது 6 ஆனது, பிறகு மற்றொரு மீறலுக்காக 2 புள்ளிகள் பறிபோயின. பயிற்சியாளரும் வீரர்களும் உழைத்துச் சேர்த்த புள்ளிகளை அலுவலகத்தில் எடுத்த முடிவுகள் அழித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அறிக்கைகளுக்கு எவ்வளவு மதிப்பு

மிகக் குறைவு. லெஸ்டர் சிட்டி 2017 பிப்ரவரி 7 அன்று, முந்தைய பருவத்தில் தங்களைச் சாம்பியனாக்கிய பயிற்சியாளர் கிளாடியோ ரனியேரிக்கு அசையாத ஆதரவு உண்டு என்று அறிவித்தது. 16 நாட்களில் அவரை நீக்கியது. சரிபார்க்கக்கூடிய வாக்குறுதியைத் தரும் நிர்வாகத்துக்கு மட்டும் ஒரு மதிப்பெண் கூடுதலாகக் கொடுங்கள்.

நிபந்தனைகளை முன்கூட்டியே எழுதுங்கள்

இதுவரை திரட்டியவற்றைக் கொண்டு, எது நடந்தால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்பதைத் தேதியோடு எழுதி வையுங்கள். 'குளிர்கால டிரான்ஸ்பர் முடிவதற்குள், இரண்டு ஆண்டுகளாகக் காலியாக இருக்கும் இடது பின்கள வீரரின் இடம் நிரப்பப்பட வேண்டும்', 'அடுத்த பன்னிரண்டு ஆட்டங்களில் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் வாய்ப்புகள் குறைய வேண்டும்', 'அடுத்த கணக்கறிக்கையில் சம்பள விகிதம் இறங்க வேண்டும்' என்பவை போல அவை அமைய வேண்டும். 'ஆட்டம் மேம்பட வேண்டும்' என்பது நிபந்தனையாகாது. அதை யாரும் எப்படியும் விளக்கிக்கொள்ளலாம். பயிற்சியாளருக்கு ஒன்று, விளையாட்டு இயக்குநருக்கு ஒன்று, உரிமையாளருக்கு ஒன்று என்று எழுதினால் போதும்.

சக ரசிகரோடு வாதிடும்போது, அவருடைய நிபந்தனை என்ன என்று கேளுங்கள். எது நடந்தாலும் நம்புவேன் என்பவரோடும் எது நடந்தாலும் நம்பமாட்டேன் என்பவரோடும் தொடர்ந்து வாதிட்டுப் பயனில்லை. இருவரையும் விட்டுவிட்டு, இடையில் இருப்பவர்களோடு பேசுங்கள். இத்தகைய வாதங்களில் தவறாமல் எடுக்கப்படுவது அலெக்ஸ் ஃபெர்குசனின் கதை: 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சியாளராக வந்தார், 1989-90 பருவத்தில் 13-ஆம் இடம், ஆனாலும் காத்திருந்தார்கள், 1993-இல் லீக் பட்டம் வந்தது. உண்மைதான். ஆனால் காத்திருந்து வீணாய்ப்போன அணிகளின் கதையை யாரும் சொல்வதில்லை என்பதால், இந்த ஒரு கதையைக் கொண்டு பொறுமைக்கு ஆதாரம் தேடக் கூடாது. அதேபோல, பயிற்சியாளரை மாற்றியதும் இரண்டு வெற்றிகள் வந்தால் மாற்றமே காரணம் என்று முடிவுகட்டுவதும் சரியன்று. மிக மோசமான கட்டத்தில்தான் பயிற்சியாளர்கள் நீக்கப்படுகிறார்கள், அதற்கு மேல் சரிய இடமில்லாத நிலையில் ஓரளவு மீட்சி தானாகவே வரக்கூடும்.

குறித்த தேதி வந்ததும் நிபந்தனைகளை எடுத்துப் பாருங்கள். நிறைவேறாதது யாருடைய நிபந்தனையோ அவர் மீதான நம்பிக்கையை மட்டும் விலக்கிக்கொள்ளுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பது கிளப்பின் உடைமை முறையைப் பொறுத்தது. உறுப்பினர்களுக்கே சொந்தமான பார்சிலோனாவில், நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் உறுப்பினர்கள் கையொப்பம் திரட்டிய பின், வாக்கெடுப்புக்கு முன்பே 2020 அக்டோபரில் தலைவர் பார்டொமேயு பதவி விலகினார். தனியார் கிளப்களில் அந்த வழி இல்லை. அங்கே ரசிகர் அமைப்பின் வழியாகவே அழுத்தம் தர முடியும். போர்ட்ஸ்மத் கிளப் நிதிச் சீர்குலைவில் மூழ்கியபோது, 2013-இல் அதை வாங்கி நடத்தியவர்கள் ஒன்றுதிரண்ட ரசிகர்களே. உங்கள் அமைப்பிடம், நிறைவேறாத அந்த ஒரு நிபந்தனையை மட்டும் எடுத்து, எழுத்தில் பதில் கேட்கும்படி வலியுறுத்துங்கள். அடுத்த பருவத்துக்கான சீட்டைப் புதுப்பிக்கும் காலத்துக்கு ஒரு மாதமாவது முன்னதாக உங்கள் தேதி அமைந்திருக்கட்டும். நிர்வாகம் ரசிகர்களின் கடிதங்களைக் கவனமாகப் படிக்கும் காலம் அதுவே.