மழைக்கு முன் கணினிக்கு ஒரு முழு நகல்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலைக் கண்ட கடலூரில், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வீட்டுக் கணினியின் முழு நகலை எடுத்து வைப்பது நல்லது. கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் விண்டோஸையும் மென்பொருள்களையும் மீண்டும் நிறுவ நேரிடும். மாறாக, இலவசமாகக் கிடைக்கும் குளோன்சில்லா என்ற வட்டு நகலெடுக்கும் மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, வன்தட்டு முழுவதையும் வெளிப்புற வட்டில் படிமமாக (அப்படியே எடுத்த முழு நகலாக) சேமித்துவிட்டால், வட்டு பழுதாகும் நாளில் அதே கொள்ளளவோ கூடுதலோ உள்ள புதிய வட்டைப் பொருத்தி எல்லாவற்றையும் பழையபடியே மீட்கலாம். கணினியை விரைவாகத் தொடங்க உதவும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை முன்னதாகவே அணைத்துவிடுங்கள். வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். எந்த வட்டிலிருந்து எந்த வட்டுக்கு என்பதை, மிக முக்கியமாக மீட்கும்போது, கொள்ளளவைப் பார்த்து இருமுறை உறுதிசெய்யுங்கள்; மாற்றித் தேர்ந்தெடுத்தால் குடும்பப் படங்கள் உட்பட அனைத்தும் அழிந்துவிடும். வேலை முடிந்ததும் வெளிப்புற வட்டைக் கழற்றி, வெள்ளநீர் எட்டாத உயரத்தில் வையுங்கள்.