பழைய எம்16-ஐ ரோந்து வண்டிக்குத் தயார்படுத்துவது எப்படி

1997 பிப்ரவரி 28 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் நார்த் ஹாலிவுட்டில் இரண்டு வங்கிக் கொள்ளையர்கள் உடம்பெல்லாம் குண்டு துளைக்காத கவசத்தோடு தெருவில் இறங்கிச் சுட்டார்கள். ரோந்துப் போலீசிடம் இருந்த பிஸ்டலும் ஷாட்கன்னும் அந்தக் கவசத்திடம் எடுபடவில்லை. பக்கத்துத் துப்பாக்கிக் கடையில் ரைபிள் கேட்டு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் ராணுவம் அந்த நகரப் போலீசுக்கு 600 எம்16 ரைபிள்களைக் கொடுத்தது. அமெரிக்காவின் சின்னச் சின்ன ஊர்ப் போலீஸ் துறைகளுக்கும், ராணுவத்தின் உபரிச் சாமான்களைப் போலீசுக்குத் தரும் 1033 திட்டம் வழியாக இப்படி உபரித் துப்பாக்கிகள் போயிருக்கின்றன. அப்படி ஒரு துறையில் ஆயுதப் பொறுப்பு உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொண்டு படியுங்கள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் கையில் எடுக்க வேண்டியது பதிவேடு. துப்பாக்கி உங்கள் வசம் வந்தாலும் அதன் உரிமை ராணுவத்திடமேதான் இருக்கிறது. விற்கக் கூடாது, வேறு துறைக்குத் தானாகக் கைமாற்றக் கூடாது, வருடாவருடம் எண் பார்த்துக் கணக்குக் காட்ட வேண்டும். ஒன்று தொலைந்தால்கூடத் துறையையே திட்டத்திலிருந்து நிறுத்திவைப்பார்கள். அதனால் எதைக் கழற்றினாலும், ஒரு சின்ன ஸ்பிரிங்காக இருந்தாலும், அந்தத் துப்பாக்கியின் எண்ணை எழுதிய பையில் போட்டுப் பூட்டி வையுங்கள். நிரந்தரமாக மாற்றப்போகும் வேலையென்றால் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மாநில ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

வந்திருப்பது பெரும்பாலும் வியட்நாம் காலத்து எம்16ஏ1 ஆக இருக்கும். சிலவற்றின் பக்கவாட்டில் ஹைட்ரா-மேட்டிக் என்ற பெயரைப் பார்க்கலாம், ஜெனரல் மோட்டார்ஸில் கார் கியர்பாக்ஸ் செய்த அதே பிரிவுதான். வயதைப் பார்த்து ஒதுக்காதீர்கள், நல்ல எலும்புக்கூடு அது. ஆனால் தேய்மானம் பார்க்காமல் ஒரு ரவுண்டுகூடச் சுடக் கூடாது. பயிற்சி பெற்ற ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) ஹெட்ஸ்பேஸை, அதாவது குழலின் பின்வாயைப் பூட்டும் போல்ட்டுக்கும் உள்ளே உட்காரும் தோட்டாவுக்கும் உள்ள இடத்தை, கேஜ் வைத்துப் பார்க்கட்டும். கேஸ் ரிங்கை (வெடிவாயு கசியாமல் தடுக்க போல்ட்டைச் சுற்றி இருக்கும் வளையம்) சோதிப்பது ரொம்ப எளிது: போல்ட்டை முன்னால் இழுத்துவிட்டு, அதைத் தாங்கும் போல்ட் கேரியரை, போல்ட்டின் முகம் கீழே இருக்கும்படி மேஜைமேல் நிற்க வையுங்கள். நின்றால் சரி, தன் எடையிலேயே சரிந்து இறங்கினால் ரிங் போய்விட்டது. காலித் தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரின் ஸ்பிரிங்கைக் கேள்வியே கேட்காமல் மாற்றிவிடுங்கள். தோட்டாவைப் பிடித்திருக்கும் மேல் உதடு வளைந்த பழைய மேகஸின்களையும் (தோட்டாப் பெட்டிகளையும்) ஒதுக்குங்கள், துப்பாக்கி சிக்குகிறது என்று வரும் புகாரில் பாதி அங்கேதான் இருக்கும்.

அடுத்தது குழல், பலர் கோட்டை விடும் இடம். குண்டைச் சுழல வைக்கக் குழலுக்குள் வெட்டிய உள்முறுக்கு, ஏ1-இல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அது 55 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) தோட்டாவுக்காகப் போட்ட முறுக்கு. இப்போது ராணுவத்தில் புழங்கும் 62 கிரெயின் தோட்டாவை அதில் சுட்டால், குண்டு போதுமான அளவு சுழலாமல் காற்றிலேயே தள்ளாடும். பேப்பரில் வட்ட ஓட்டைக்குப் பதிலாகச் சாவித்துவாரம் மாதிரி நீளமான கிழிசல் விழும். குண்டு பக்கவாட்டில் போயிருக்கிறது என்று அர்த்தம். வீடுகள் இருக்கும் தெருவில் அப்படிப் போகும் குண்டை நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. ஒன்று 55 கிரெயினோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குழலை மாற்றுங்கள்.

காசு இருந்தால் குழலும் போல்ட்டும் இருக்கும் மேல்பாதியையே மாற்றுவது நல்லது. இரண்டு பின்களைத் தள்ளினால் அது முழுசாகக் கழன்றுவரும், அந்த இடத்தில் 16 அங்குலக் குழலும் தட்டையான மேற்பரப்பும் உள்ளதைப் பொருத்தலாம். 20 அங்குலக் குழலோடு காரிலிருந்து இறங்குவது கஷ்டம். பழைய மேல்பாதியில் காலித் தோட்டாவைத் திருப்பிவிடும் மேடு கிடையாது, இடது கைக்காரருக்குச் சூடான பித்தளை முகத்துக்கே வரும். பழைய மேல்பாதியின் தூக்கும் கைப்பிடிமேல் ரெட் டாட் சைட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்க்கும் கருவி) மாட்டினால் கன்னம் ஸ்டாக்கில் (தோளில் பதியும் பின்கட்டையில்) படியாது, தாடையை வைத்துத்தான் சுட வேண்டியிருக்கும். நீளம் மாற்றும் ஸ்டாக் போடுவதானால் அதற்குள் இருக்கும் குழாய், பஃபர் (பின்னால் வரும் போல்ட் கேரியரின் வேகத்தைத் தாங்கும் துண்டு), ஸ்பிரிங் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுங்கள்.

தொடர்ச்சியாகச் சுடும் வசதி ரோந்துக்கு வேண்டவே வேண்டாம். போலீஸ்காரர் ஒவ்வொரு குண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர். ஆர்மரரை வைத்து ட்ரிகர் பாகங்களை ஒற்றைச் சூட்டு செட்டாக மாற்றுங்கள். மாற்றினாலும் சட்டப்படி அது இயந்திரத் துப்பாக்கிதான், பதிவேட்டில் இருந்து பெயர் போகாது.

அப்புறம் டார்ச். இருட்டில் எதிரே நிற்பவர் கையில் இருப்பது கத்தியா செல்போனா என்று பார்க்காமல் சுடுவதை விடப் பெரிய தப்பு இந்த வேலையில் இல்லை. ஆகவே அழகுச் சாமான்களுக்கு முன்னால் டார்ச்சும் தோள் வாரும் வாங்குங்கள்.

கடைசியாக 50 கெஜத்தில் குறியைச் சரிசெய்யுங்கள், அப்படிச் செய்தால் 200 கெஜம் வரையிலும் பெரிதாக விலகாது. அவரவர் துப்பாக்கியை அவரவரே, பணியில் வைத்திருக்கும் அதே தோட்டாவைக் கொண்டு சரிசெய்ய வேண்டும். தேதி, தோட்டாவின் எடை, சுட்டவர் பெயர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வண்டியின் பூட்டு ரேக்கிலேயே ஒட்டிவிடுங்கள்.