பாடாங் பெசாரில் புது முத்திரை

தாய்லாந்தில் தங்கும் அனுமதி முடியும் நேரம். நாட்டைவிட்டு வெளியே போய்த் திரும்பினால் புது அனுமதி முத்திரை கிடைக்கும்; ஆனால் விமானச் செலவு கட்டுப்படியாகாது. தென் தாய்லாந்தின் ஹாட்யாயிலிருந்து ரயிலேறி, மலேசிய எல்லை ஊரான பாடாங் பெசார் போனேன். இரு நாட்டுக் குடிநுழைவுக் கவுன்ட்டர்களும் மலேசிய ரயில் நிலையத்துக்குள்ளேயே இருப்பதால் அலைச்சலே இல்லை. மலேசிய நேரம் ஒரு மணி முன்னால் ஓடும். திரும்பும் ரயில் எந்த நேரப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மலேசியாவின் எம்.டி.ஏ.சி., தாய்லாந்தின் டி.டி.ஏ.சி. என்ற மின்னணு வருகை அட்டைகள் இரண்டையும் பயணத்துக்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்பியிருந்தேன். திரும்பும்போது தாய்லாந்து அதிகாரி கையிருப்புப் பணம் எவ்வளவு என்று கேட்டார். 20,000 தாய்லாந்து பாட் (baht) பணத்தை நோட்டாகவே காட்டியதும், சரி என்று முத்திரை குத்தினார். எந்தத் தேதிவரை தங்கலாம் என்பதைக் கவுன்ட்டரிலேயே படித்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், விசா இல்லாமல் தாய்லாந்துக்குள் தரைவழி நுழைவு ஒரு காலண்டர் ஆண்டில் 2 முறைதான். நீண்டகால அனுமதி உள்ளவர்கள் மறுநுழைவு அனுமதி எடுக்காமல் எல்லை தாண்டினால், இருக்கும் அனுமதியும் போய்விடும்.