அந்த மாத்திரையை விழுங்கும் முன்

மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் இருபது வருடமாக நிற்கிறேன். ஆணுறுப்பு விறைப்புக்கான மாத்திரை வாங்க வருபவர் கூட்டம் குறையும்வரை ஓரமாகவே நிற்பார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கூச்சத்தில் சொல்ல வேண்டியதையும் விழுங்கிவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பயம்.

ஒருவர் அந்த மாத்திரைகளில் ஒன்றான சில்டெனாஃபில், 100 மில்லிகிராம் என்று எழுதிய சீட்டை நீட்டினார். "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க சார்?" என்றேன். "பிரஷருக்கு ஒண்ணு, அவ்வளவுதான்." பணம் எடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டபோது ஒரு குட்டி பாட்டில் கவுண்டரில் உருண்டது. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற நைட்ரோகிளிசரின். "இது எப்பவாவதுதானே" என்றார். எப்போதாவது என்றாலும் கூடவே கூடாது. இரண்டுமே ரத்தக்குழாயை விரிப்பவை. சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிர் போகிற அளவுக்குச் சரியும். நெஞ்சுவலிக்கான ஐசோசார்பைடு மாத்திரைக்கும் இதே கதைதான்; இந்த இரண்டு நெஞ்சுவலி மருந்துகளும் நைட்ரேட் வகை. கொடுக்காமல், சீட்டு எழுதிய டாக்டருக்குப் போன் போட்டேன். நெஞ்சுவலி விஷயத்தை அவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே முதலில் டாக்டர், பிறகுதான் அளவு. சில்டெனாஃபில் பெரும்பாலும் 50 மில்லிகிராமில் தொடங்கும். 65 வயது தாண்டியவர், ஈரலோ சிறுநீரகமோ மோசமானவர், புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாதிரி மாத்திரை எடுப்பவர் ஆகியோருக்கு 25. கிருமிக்குத் தரும் எரித்ரோமைசின், பூஞ்சைக்குத் தரும் கீட்டோகோனசோல் போன்றவை மருந்தை உடம்பில் தேங்க வைக்கும் என்பதால் அவற்றையும் சொல்லிவிடுங்கள். உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு போடலாம். 24 மணி நேரத்தில் ஒரு தடவைதான், உச்சம் 100.

எண்ணெயும் கொழுப்புமாகச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். "ஒண்ணும் ஆகலையே" என்று இரண்டாவதைப் போடுவது இந்த நேரத்தில்தான். போடாதீர்கள். ஆசையும் தூண்டுதலும் இல்லாமல் மாத்திரை தானாக எதையும் செய்யாது. முதல் தடவை பலிக்காவிட்டால் மனம் விடவும் வேண்டாம், வேறு நாளில் மறுபடி பார்க்கலாம்.

இதே வேலைக்கான தடாலாஃபில் வேறு ரகம். வழக்கமாக 10 மில்லிகிராமில் தொடங்கும், 36 மணி நேரம்வரை அதன் வேலை நீடிக்கும். தினமும் எடுப்பதென்றால் 2.5 அல்லது 5 மட்டும். இதையும் சில்டெனாஃபிலையும் சேர்க்கவே கூடாது. கம்பெனிப் பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஒன்றாக இருக்கலாம், அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'மூலிகை' என்று விற்கும் சிலவற்றில் சில்டெனாஃபிலே கலந்திருந்து பிடிபட்டிருக்கிறது.

தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு ஆகியவை பலருக்கு வந்து தானாகப் போகும். விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டியும் அடங்கவில்லை, திடீரென்று பார்வை மங்குகிறது, காது கேட்கவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

நெஞ்சு வலி வந்தாலும் அப்படித்தான். போனதும் எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரம், தடாலாஃபில் போட்டு 48 மணி நேரம் அங்கே நைட்ரேட் கொடுக்கக் கூடாது. மனைவி பக்கத்தில் நின்றாலும் சரி, மாமனார் நின்றாலும் சரி, வாய் திறந்து சொல்லுங்கள்.