ராமனுக்குப் பயந்த திரௌபதி: சமஸ்கிருத நாடகமும் கவிதையும் ஆங்கிலத்தில் படிக்க

ஆசையாக ஆரம்பிப்பவர்கள் நேரே காளிதாசனின் சாகுந்தலத்தில் போய் விழுவார்கள். மான், கொடி, தாமரை, பெருமூச்சு என்று கொஞ்ச தூரம் போனதும் அலுத்துப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். எங்கள் வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வருகிறவர் கையில் நான் முதலில் கொடுப்பது சூத்திரகரின் மிருச்சகடிகம் என்ற நாடகம். பெர்க்லியில் சமஸ்கிருதம் கற்பித்த ஆர்தர் ரைடர் 1905-ல் மொழிபெயர்த்தது. காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 1924-ல் நியூயார்க்கில் மேடையேறிய மொழிபெயர்ப்பு இது. நடிகர் வாயில் வரக்கூடிய ஆங்கிலம்.

எனவே தனியாக, மனசுக்குள் படிக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து உரக்கப் படியுங்கள். பத்து அங்கமும் ஒரே மூச்சில் வேண்டாம். மூன்றாம் அங்கத்தில் திருட வந்த சர்விலகன் கன்னம் வைக்கிறானே, அதை முதலில் படித்துப் பார்க்கலாம். சுவரில் போடும் துளை தாமரை வடிவமா, பிறை வடிவமா, குடம் மாதிரியா என்று சிற்பியைப் போல யோசிக்கிறான். அளவு நூலை மறந்துவிட்டு வந்ததால் பூணூலையே அளவு நூலாக்குகிறான். பாம்பு கடித்ததும் விரலைக் கட்ட உதவுவதும் அதே பூணூல்தான்.

அடுத்து சகாரன், ராஜாவின் மைத்துனன். படிக்காத திமிர். நாடகத்தின் நாயகி, கணிகை வசந்தசேனையைத் துரத்தும்போது ‘ராமனுக்குப் பயந்த திரௌபதி மாதிரி ஏன் ஓடுகிறாய்’ என்கிறான். ஆங்கில வாசகருக்கு இந்த இடத்தில் அடிக்குறிப்பு போட்டாக வேண்டும். நாம் குறிப்புக்குப் போகுமுன்பே சிரித்துவிடுகிறோம். இந்த நாடகங்களை ஆங்கிலத்தில் படித்தாலும் ஆங்கிலேயராக இருந்து படிக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. சந்தேகம் வந்தால் பார்க்க, இதே நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் தமிழில் தந்த ‘மண்ணியல் சிறுதேர்’ பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஆங்கிலத்தில் காணாமல் போகும் ஒன்றை மட்டும் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். மூலத்தில் அரசனும் அமைச்சனும் சமஸ்கிருதம் பேசுவார்கள். பெரும்பாலான பெண்களும் வேலைக்காரர்களும், பிராமணனாகவே இருந்தாலும் கோமாளியான விதூஷகனும், பேசுவது பேச்சுவழக்கை ஒட்டிய பிராகிருதம். ஆங்கிலத்தில் எல்லோரும் ஒரே வாயால் பேசுகிற மாதிரி இருக்கும். பாத்திரப் பட்டியலில் ‘ச’, ‘பி’ என்று போட்டுவைத்தால் போதும்.

ஒரே சாயங்காலத்தில் முடிக்க ஒன்று வேண்டுமானால் மத்தவிலாசம். நம் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய அங்கதம், நடப்பது காஞ்சிபுரத்தில். குடிகாரக் காபாலிகன், அதாவது மண்டையோட்டைப் பிச்சைப் பாத்திரமாக வைத்திருக்கும் சைவத் துறவி, தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு ஒரு பிட்சுமேல் பழி போடுகிறான். தூக்கிப்போனது நாய்.

இனி சாகுந்தலத்துக்குப் போகலாம். எந்த மொழிபெயர்ப்பை வாங்கினாலும் முன்னுரையில் எந்தப் பாடத்தை, அதாவது மூலத்தின் எந்தச் சுவடி வடிவத்தை, எடுத்தார்கள் என்று பாருங்கள். வில்லியம் ஜோன்ஸ் 1789-ல் செய்தது வங்கப் பாடம்; மோனியர் வில்லியம்ஸ் 1855-ல் வெளியிட்டது தேவநாகரிப் பாடம்; 2006-ல் கிளே சமஸ்கிருத நூலக வரிசையில் சோமதேவ வாசுதேவா எடுத்துக்கொண்டது காஷ்மீரப் பாடம். வங்கப் பாடத்தில் மூன்றாம் அங்கக் காதல் காட்சி நீளம். இது தெரியாமல் இரண்டு புத்தகத்தை ஒப்பிட்டு, ‘இவர் வெட்டிவிட்டார், அவர் சேர்த்துவிட்டார்’ என்று சண்டை போடுவார்கள். ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், காளிதாசனின் மூன்று நாடகங்களும் சேர்ந்து 1984-ல் பார்பரா ஸ்டோலர் மில்லர் பதிப்பித்த தொகுதியை வாங்குங்கள்.

பிரிந்திருக்கும் யட்சன் ஒருவன் மனைவிக்கு மேகத்தைத் தூது விடும் காளிதாசனின் மேகதூதத்துக்கு வரைபடம் அவசியம். ராமகிரியை நாகபுரி பக்கத்து ராம்டேக் என்று வைத்து, விதிஷா, உஜ்ஜயினி, சம்பல், குருக்ஷேத்திரம், ஹரித்வார் அருகே கனகலம் என்று கோடு போட்டுக்கொண்டே போங்கள். வழி சுற்று என்றாலும் உஜ்ஜயினி மாடங்களைப் பார்க்காமல் போகாதே என்று யட்சன் மேகத்திடம் கெஞ்சுவது அப்போது உறைக்கும். வில்சனின் 1813 மொழிபெயர்ப்பு வேண்டாம். எதுகைக்காக இழுத்துக்கொண்டே போகிறது.

இங்கேதான் தமிழ் கைகொடுக்கிறது. ஒரு சுலோகம் என்பது பெரும்பாலும் ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் அது இரண்டு மூன்றாக உடையும். உடைந்ததை வாய்விட்டுத் தமிழில் மறுபடி கட்டுங்கள். முதல் பாட்டு இப்படி வரும்: கடமை தவறியதால் எஜமானின் சாபம் பெற்று, ஓராண்டு மனைவியைப் பிரிந்திருக்க நேர்ந்த, பெருமை இழந்த யட்சன் ஒருவன், சீதை நீராடியதால் புனிதமான நீரும் அடர்நிழல் மரங்களும் உள்ள ராமகிரி ஆசிரமங்களில் தங்கினான். எச்சங்களை அடுக்கி, வினைமுற்றைக் கடைசிவரை நிறுத்திவைக்க நமக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

அமரு என்ற கவிஞரின் காதல் தனிப்பாடல்களில், சங்கப்பாட்டுக்குக் கேட்பது போலவே ‘யார் கூற்று, யாரிடம்?’ என்று கேளுங்கள். தோழியா, தலைவியா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வித்யாகரரின் தொகைநூலை டேனியல் இங்கால்ஸ் 1965-ல் ஆங்கிலத்தில் தந்தது பெரிய புத்தகம். வரிசையாகப் படிக்காமல் ஒரு பகுதியின் முன்னுரையும் அதிலிருந்து ஐந்தாறு பாட்டுமாகப் போதும். யோகேசுவரனின் கிராமத்துப் பாடல்களைத் தேடிப் பிடியுங்கள்.

சருக்கம் சருக்கமாக நீளும் மகாகாவியங்களைக் கடைசிக்கு வையுங்கள். மாகரின் சிசுபாலவதத்தை மூர்த்தி நூலகம் (Murty Classical Library) என்ற இருமொழி வரிசைப் பதிப்பில் வாங்கினால் எதிர்ப்பக்கத்தில் தேவநாகரி மூலம் இருக்கும். பத்தொன்பதாம் சருக்கத்தில், முன்னும் பின்னும் மேலும் கீழும் எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே வரும் சுலோகம் உண்டு. எழுத்துக்கூட்டத் தெரிந்தால் அசை அசையாகக் கட்டத்தில் எழுதி விரலை ஓட்டிப் பாருங்கள். ஆங்கிலப் பக்கம் அதற்கு உதவாது.