நண்பர்கள் மலையேறப் போன வாரத்தில் நாவலை நகர்த்துவது எப்படி

ஒரு நாவலின் முதல் வரைவுக்குச் சுமாராக எட்டு மாதம் பிடிக்கும். அதற்குள் நண்பர்களில் நாலு பேர் வெள்ளியங்கிரி ஏறிவிடுவார்கள், ஒருவர் பைக்கில் லடாக் போவார், இன்னொருவர் அந்தமானில் கடலுக்கடியில் மீனோடு நின்று படம் அனுப்புவார். அந்த நாட்களில் எழுத்து ஓடாது. பொறாமை என்று சொல்லி ஒதுக்கிவிடலாம்தான், ஆனால் அது பாதிக் காரணம்தான். மலையேறுபவருக்கு மணிக்கு மணி எதையோ தாண்டிய கணக்கு இருக்கிறது: முதல் மலை முடிந்தது, மூன்றாவது முடிந்தது, கையிலிருக்கும் மூங்கில் தடியின் முனை தேய்ந்தது. மேசையில் இருப்பவருக்கோ நாள் முழுக்க உழைத்தாலும் தாண்டியது எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அவருக்கும் நாளுக்குள் சில நிறுத்தங்கள் வேண்டும். அவை தானாக வராது, நாம்தான் நட்டுவைக்க வேண்டும்.

கணக்கை முதலில் சரிசெய்யுங்கள்

தினம் ஆயிரம் சொல் என்ற இலக்கு ஆங்கிலத்தில் எழுதுபவர்களிடமிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தபால் துறை வேலையோடு நாவல் எழுதிய ஆன்டனி டிராலோப், கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதினார். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ‘போகமுடியாதவர்களுக்கும்’ என்பது நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு ஐந்தாறு. தமிழில் நாளுக்கு 300 சொல் போதும். லாங் சைஸ் கோடு போட்ட நோட்டில் ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 1,800 சொல். 60,000 சொல் நாவல் 34 வாரத்தில் முடியும்.

நோட்டில் வலப்பக்கம் மட்டும் எழுதுங்கள். இடப்பக்கம் திருத்தத்துக்கு. இரண்டு பக்கமும் நிரப்பியவர்கள் திருத்தங்களை ஓரத்தில் நெருக்கி எழுதி, தட்டச்சு செய்யும்போது தங்கள் கையெழுத்தையே படிக்க முடியாமல் திண்டாடுகிறார்கள்.

எழுதிய கணக்கைக் குறிக்க, சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியை விட நல்ல கருவி கிடையாது. இரவில் தாளைக் கிழியுங்கள். பின்பக்கத்தில் அன்றைய சொல் எண்ணிக்கை, நாளை தொடங்க வேண்டிய வரி, இரண்டையும் எழுதி, மளிகைக் கடையில் பில் குத்துகிற கம்பி போல ஒன்றில் குத்திவையுங்கள். எழுதாத நாளின் தாளையும் 0 என்று போட்டுக் குத்த வேண்டும், கிழித்து எறியக்கூடாது. ஒரு மாதத்தில் கம்பியில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தாள் ஏறியிருக்கும். மலையின் உயரம் இல்லைதான், ஆனால் தொட்டுப் பார்க்கலாம்.

காலை

நேற்று எழுதிய கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தொடங்குங்கள். முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க ஆரம்பித்தால் மெருகேற்றத் தோன்றும், பத்து மணிக்கு அதே மூன்று பக்கம் பளபளவென்று இருக்கும், புதிதாக ஒரு வரி இருக்காது. முந்தைய நாள் காட்சியை முடிக்காமல், பேச்சின் நடுவிலேயே நிறுத்தியிருந்தால் மறுநாள் கை தானாக ஓடும். ‘அவள் கதவைச் சாத்தினாள்’ என்று அழகாக முடித்துவைத்தவர்தான் காலையில் வெற்றுத் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டிகாஷனை இரவே போட்டுவிடலாம். இரண்டு டம்ளருக்கு மூன்று மேசைக்கரண்டி பொடி, அதன் மேல் கொதிக்கும் நீர் சுமார் 150 மில்லி. காம்பு வைத்த தட்டைப் பொடியின் மேல் லேசாக வையுங்கள், அழுத்த வேண்டாம். காலையில் பார்த்தால் நீர் மேலேயே நிற்கிறதா? பொடி மிக நைசாக அரைத்திருக்கும், அல்லது அழுத்திவிட்டிருப்பீர்கள், அல்லது மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுக மாட்டிக் காற்றுப் போக வழியில்லாமல் இருக்கும். மேல் பாத்திரத்தைச் சற்றுத் தூக்கி மறுபடி வைத்தால் பெரும்பாலும் சொட்டத் தொடங்கும். முதல் டம்ளர் உட்காரும்போது. இரண்டாவது 300 சொல் முடிந்த பிறகு, 290இல் அல்ல. இந்தக் கறார் சிரிப்பாகத் தோன்றலாம். சுக்குக் காபிக் கடை மலையடிவாரத்திலேயே இருந்தால் மேலே யார் ஏறுவார்கள்?

குழுவில் படங்கள் வரும்போது

வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறாதீர்கள், அது சண்டையாகிவிடும். 8 மணி நேரத்துக்கு ஒலியடக்கம் செய்துவிட்டு, போனை வேறு அறையில் வையுங்கள். மேசையிலேயே கவிழ்த்து வைத்தால் பலனில்லை.

சிக்கல் அனேகமாக இரவு எட்டு மணிக்கு மேல்தான். படங்களைப் பார்த்த சூட்டில் புதுக் காட்சி எழுதக்கூடாது. எழுதினால், தறிக்கூடத்துக் குடும்பக் கதையின் ஏழாம் அத்தியாயத்தில் எல்லோரும் காரணமே இல்லாமல் பனிமலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்துக்கென்று கைவேலைகளை ஒதுக்கிவையுங்கள். பாத்திரங்களின் வயதுப் பட்டியல் அவற்றில் முதன்மையானது. 1985இல் பத்து வயதான பையன் 1991இல் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்க முடியாது, இது அச்சுக்குப் போன நாவல்களிலேயே தப்பிவிடுகிற பிழை. அடுத்தது வீட்டின் வரைபடம்: கிணறு எந்தப் பக்கம், அடுப்படியிலிருந்து வாசல் தெரியுமா.

பிறகு நிலா. கதையின் காட்சிக்குத் தேதி இருந்தால் பழைய பஞ்சாங்கத்தில் திதி பாருங்கள். பௌர்ணமியன்று நிலா சூரியன் மறையும் வேளையில் கிழக்கே எழும். அதன்பின் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாகும், தேய்பிறை அஷ்டமியில் நடுராத்திரி ஆகிவிடும். மூன்றாம் பிறை அந்தியில் மேற்கே தெரிந்து சீக்கிரமே மறைந்துவிடும். அந்தியில் கிழக்கே மெல்லிய பிறை எழுந்தது என்று எழுதினால் கிராமத்து வாசகர் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவார். சரியான நிலாவைச் சரியான இடத்தில் தொங்கவிட்டுவிட்டுப் படுக்கப் போகும் இரவில் லடாக் அவ்வளவாக உறுத்தாது.

திரும்பி வந்தவர்களிடம் என்ன கேட்பது

இந்த வேலையில் கிடைக்கும் மிகப் பெரிய வரவு இதுதான், பலர் இதை வீணடிக்கிறார்கள். ‘எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் ‘செம’ என்று பதில் வரும். அதோடு முடிந்தது.

திரும்பி வந்த இரண்டு நாளுக்குள் சந்தியுங்கள். நாலு பேரிடம் சொல்லிச் சொல்லி கதை மழுங்கிவிடுவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். படங்களைக் காட்ட வந்தால், ‘அப்புறம் பார்க்கலாம்டா, முதல்ல சொல்லு’ என்று போனை வாங்கிக் கவிழ்த்துவிடுங்கள். வெள்ளியங்கிரி போனவர் என்றால் இப்படிக் கேட்கலாம்: பூண்டியில் தடி வாங்கும்போது யார் பேரம் பேசினார்? இருட்டில் ஏறும்போது முன்னால் போனவரின் முதுகைத் தவிர என்ன தெரிந்தது? எந்த மலையில் முதல்முறையாக ‘ஏண்டா வந்தோம்’ என்று தோன்றியது? எதற்காகச் சண்டை வந்தது? மேலே குளிரில் கை எப்படி ஆனது, தீப்பெட்டி உரச முடிந்ததா? எதைப் படமெடுக்காமல் விட்டாய்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பெரும்பாலும் ஒரு காட்சி இருக்கும்.

அவர் முன்னால் குறிப்பெடுக்க வேண்டாம், பேச்சு சபைப் பேச்சாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவையுங்கள். கோவைக்காரர் ‘ஏனுங்க’ என்றதையும் நெல்லைக்காரர் ‘ஏலே’ என்றதையும் பொதுத்தமிழாக்கிவிட்டால் பாதி போய்விட்டது. நாவலில் பயன்படுத்தும்போது பெயரை மட்டும் மாற்றினால் போதாது. வயது, ஊர், தொழில் மூன்றில் இரண்டையாவது மாற்ற வேண்டும். அந்தரங்கமாகச் சொன்னது என்றால் கேட்டுவிட்டே எழுதுங்கள்.

சாயங்காலம் ஒரு சிறு பயணம்

டவுன் பஸ்ஸில் ஏறி கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புங்கள். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, எழுதும் பெண்கள் செலவே இல்லாமல் தினமும் போகலாம். முன்படிக்குப் பின்னால் உள்ள ஜன்னலோர இருக்கை நல்லது, ஏறுகிறவர்களின் முதல் வாக்கியம் காதில் விழும். நாளுக்கு ஒரு வாக்கியம் போதும். போனில் பதிவு செய்ய வேண்டாம். அது முறையும் இல்லை, தேவையும் இல்லை. வீடு வரும் வரை நினைவில் நிற்காத வாக்கியம் நாவலிலும் நிற்காது.

கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்99ஓ ஒலிபெயர்ப்போ, எந்த விசைப்பலகையானாலும் யூனிகோடில் தட்டச்சுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போது வெறும் குறிகளாகத் தெரியும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி போட்டால் தானாகவே வரிசையாக நிற்கும். ஒரு படி கணினியில், ஒன்று பென் டிரைவில், ஒன்று மின்னஞ்சலில். ஒற்றுப் பிழைகளைக் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள், நீக்கப்போகும் பக்கத்தில் க், ச் போட்டு என்ன ஆகப்போகிறது?

நீங்களும் போக வேண்டிய நேரம்

முதல் வரைவு முடிந்ததும் அதை ஆறு வாரம் தொடக்கூடாது. உடனே திருத்த உட்கார்ந்தால், எழுத நினைத்ததைத்தான் கண் படிக்கும், எழுதியதைப் படிக்காது. நண்பர்களோடு கிளம்ப வேண்டியது அந்த இடைவெளியில்தான். ரயிலில் இப்போது 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கிறது. வாரம் 1,800 சொல் வேகத்தில் 60 நாளில் சுமார் 15,000 சொல் எழுதலாம். எனவே வரைவில் 15,000 சொல் மிச்சமிருக்கும் நாளில் குழுவின் ஒலியடக்கத்தை எடுத்துவிட்டு, ‘அடுத்த டிரிப்புக்கு நானும் வர்றேன்’ என்று எழுதுங்கள். மறுநாள் காலை 8 மணிக்கு டிக்கெட் போடுங்கள், அன்று மட்டும் 300 சொல் அதற்குப் பிறகு. கிளம்பும்போது கைப்பிரதியைப் பையில் வைக்க வேண்டாம், அச்செடுத்த ஒரு படியை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.