யோன்சன்குனைக் கவிழ்த்த கதையை அம்மம்மாவுக்குச் சொல்வது எப்படி

கொரிய அரண்மனை நாடகம் ஓடினால் அம்மம்மா விடமாட்டார். "இவன் ஆர்? அவனுக்கு என்ன முறை?" திருகோணமலையில் எங்கள் வீட்டிலும் இதே பாடுதான். ஆனால் கேள்வி சரியானது. பெயரை விடுங்கள், முறையைப் பிடியுங்கள்.

யோன்சன்குன் கொரியாவை முன்பு ஆண்ட ஜோசொன் வம்சத்து அரசன். முதலில் அவன் பெயரின் வால். ஜோசொன் அரசர்களின் பெயர் 'ஜோ' அல்லது 'ஜொங்' என்று முடியும். 'குன்' என்றால் இளவரசன்தான், அதாவது கவிழ்த்த பிறகு ராஜா என்ற மரியாதையையும் பறித்துவிட்டார்கள்.

கதையை அவன் தாயிலிருந்து தொடங்குங்கள். 1479இல் அவளின் அரசிப் பட்டம் பறிபோனது, 1482இல் நஞ்சு கொடுத்தார்கள், அப்போது மகன் சிறுபிள்ளை. 1494இல் அரசனான அந்த மகன் 1504இல் பழிதீர்த்தான்: தகப்பனின் இரண்டு துணைவியரை அடித்தே கொன்றான், செத்துப்போன அதிகாரிகளின் பிணங்களைக்கூடத் தோண்டியெடுத்தான். "பாவம், தாயில்லாப் பிள்ளை" என்று அம்மம்மா உருகுவார். உருகட்டும், ஆனால் தன்னைத் திட்டி ஹங்குல் என்ற கொரிய எழுத்தில் சுவரொட்டி வந்ததற்காக அந்த எழுத்தையே தடைசெய்தவன் இவன்தான் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

1506 புரட்சியைச் சுருக்கமாக முடிக்கலாம். பார்க் வொன்ஜொங், சொங் ஹுயியான், யூ சுன்ஜொங் என்ற அதிகாரிகள் மூன்று பேரும் படையோடு வர, அரண்மனைக் காவலர்கள் ஓடிவிட்டார்கள். மாற்றாந்தாய் மகனான தம்பி ஜுங்ஜொங் அரசனானான்.

இனித்தான் சிக்கல், பிளேன்ரீக் கோப்பை இரண்டை எடுங்கள். ஒன்று அண்ணன், மற்றது தம்பி, நடுவில் ஒரு பனங்கட்டித் துண்டு. அதுதான் ஷின் சுகுன். இவனுடைய தங்கை அண்ணனின் மனைவி, மகள் தம்பியின் மனைவி. அப்படியென்றால் பழைய ராஜாவுக்கு மச்சான், புது ராஜாவுக்கு மாமனார். சரி, துண்டை வாயில் போடுங்கள்: புரட்சிக்காரர்கள் அவனைக் கொன்றுவிட்டார்கள்.

மகள் அரசியானாள், ஏழு நாளில் அனுப்பிவிட்டார்கள். பெற்றவரைக் கொன்றால் பிள்ளை என்ன செய்யும் என்று 1504இல் பார்த்தவர்கள் அல்லவா, பயந்துபோனார்கள். யோன்சன்குன் கங்ஹ்வா பக்கத்துக் கியோதொங் தீவில் இரண்டு மாதத்தில் செத்தான், ஆனால் அம்மம்மாவுக்கு அவனில் அக்கறை இருக்காது. "பெஞ்சாதியை ஏன் விட்டவன்?" என்றுதான் கேட்பார். ஜுங்ஜொங்குக்கு அப்போது 18 வயது, கதிரையில் ஏற்றியதே அந்த மூன்று பேர்தான் என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் அம்மம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.